ஊருக்கு வந்த காசு என்ன ஆச்சுன்னு ஊர்க்காரங்ககிட்ட சொல்றது எப்படி: புதுசா வந்தவங்களுக்கு

புதுசா வார்டு மெம்பரா ஜெயிச்சு வர்றவங்க, ஊராட்சி செயலரா புது ஊருக்கு மாத்தலாகி வந்தவங்க, கிராம சபைல எந்திரிச்சு கணக்கு கேக்கணும்னு நெனைக்கிற இளவட்டங்க, எல்லாருக்கும் சேர்த்துதான் இதை எழுதுறேன். நான் மகளிர் குழுலேர்ந்து வந்து அஞ்சு வருஷம் ஒரு சின்ன ஊராட்சில வார்டு மெம்பரா இருந்தவ. வேலைய எப்படி எடுக்குறது, எஸ்டிமேட் யாரு போடுவா, பில் எப்படி பாஸ் ஆகும், இதெல்லாம் சொல்லித்தர யூனியன் ஆபீஸ்ல ஆள் இருக்காங்க, டிரெயினிங்கும் நடக்குது. ஆனா முடிஞ்ச வேலைய ஜனங்ககிட்ட எப்படி சொல்றது, என்னத்த சொல்றதுன்னு எனக்கு யாரும் சொல்லித்தரல. சொல்லாம விட்டா என்ன ஆகும்னா, நல்லா வேலை நடந்த ஊர்லயும் "வந்த காசெல்லாம் தின்னுட்டாங்க"ன்னு டீக்கடைல பேச்சு ஓடும், அதுக்கு நம்மகிட்ட பதில் இருந்தும் அது எம்-புக்லயும் (நடந்த வேலைய அளந்து எழுதுற நோட்டு) பீரோலயும் பூட்டிக் கெடக்கும்.

முதல்ல எந்தக் காசுன்னு நீங்க தெளிவாகுங்க

ஊருக்கு ஒரே வழில காசு வர்றதில்ல. மத்திய நிதிக்குழு மானியம், மாநில நிதிக்குழு மானியம், எம்.எல்.ஏ நிதி, எம்.பி நிதி, நம்ம ஊராட்சியே வசூல் பண்ற வீட்டு வரி தண்ணி வரி, இது போக அரசுத் திட்டங்கள்னு தனித்தனி வாய்க்கால்ல வருது. ஜனங்களுக்கு எல்லாமே "கவர்மெண்ட் காசு"தான், அதுல தப்பில்ல, ஆனா சொல்ற நமக்கு எது எதுன்னு தெரியணும், ஏன்னா ஒவ்வொண்ணுக்கும் ஒரு கட்டுப்பாடு இருக்கு, அந்தக் கட்டுப்பாட்டை சொல்லாததாலதான் பாதி சண்டையே வருது.

கிராம சபைல எல்லா ஊர்லயும் வர்ற கேள்வி இது: "பேங்க்ல பணம் கெடக்குன்னு சொல்றீங்க, எங்க தெருவுக்கு ரோடு போட என்ன கேடு?" இதுக்கு உண்மையான பதில் என்னன்னா, 15வது நிதிக்குழு காலத்துல, அதாவது 2021-22லேர்ந்து 2025-26 வரைக்கும், வந்த மானியத்துல 60 சதவீதம் கட்டுண்ட நிதி, அதாவது இன்ன வேலைக்குத்தான்னு சொல்லிக் குடுத்த காசு. அதுல பாதிய துப்புரவு வேலைக்குத்தான் போடணும், மீதிப் பாதி குடிநீர், மழைநீர் சேகரிப்பு இந்த மாதிரி தண்ணி வேலைக்கு. மிச்சம் 40 சதவீதத்தை ஊர் தேவைக்கு ஏத்தபடி செலவு பண்ணிக்கலாம், அதுலயும் சம்பளம், ஆபீஸ் செலவுன்னு எடுக்கக் கூடாது. ஆக பேங்க்ல பணம் இருந்தும் ரோடு போட முடியாம போனதுக்கு இதுதான் காரணம்னு ஒரு தடவை உட்கார்ந்து சொல்லிட்டா ஜனங்க கேட்டுக்குறாங்க. "விதி இல்லம்மா"ன்னு ஒத்த வார்த்தைல முடிச்சாதான் கோவம் வருது. 2026 ஏப்ரல்லேர்ந்து 16வது நிதிக்குழுவோட காலம், அதோட நிபந்தனைய யூனியன் ஆபீஸ்ல வாங்கிப் படிச்சுட்டு சொல்லுங்க, பழசையே ஒப்பிச்சுட்டு இருக்காதீங்க.

எம்.பி நிதி 1993 டிசம்பர்ல ஆரம்பிச்சது, இப்ப ஒரு எம்.பிக்கு வருஷத்துக்கு 5 கோடி. தமிழ்நாட்டுல எம்.எல்.ஏ தொகுதி நிதி 2019-20லேர்ந்து 3 கோடி ஆச்சு. இவங்க ரெண்டு பேருமே வேலைய சிபாரிசுதான் பண்ணுவாங்க, அனுமதி குடுத்து செலவு பண்றது மாவட்ட நிர்வாகம். இது தெரியாம "எம்.பி காசு குடுத்தாரு"ன்னு எழுதுனா அவர் பையிலேர்ந்து எடுத்துக் குடுத்த மாதிரி ஆயிரும். அது நம்ம எல்லாரோட வரிப்பணம், போர்டுலயும் பேச்சுலயும் அது தெரியணும்னு நான் எப்பவும் சொல்லுவேன்.

வேலை ஆரம்பிக்கிறதுக்கு முந்தின நாள்தான் முக்கியமான நாள்

இங்கதான் நான் முதல் வருஷம் கோட்டை விட்டேன். எங்க வார்டுல தெருமூலை வாய்க்கா கட்டுனோம், நல்ல வேலைதான், ஆனா கட்டுறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ கூட நான் எடுக்கல. ஆறு மாசம் கழிச்சு கிராம சபைல ஒருத்தர் எந்திரிச்சு அங்க முன்னாடியே வாய்க்கா இருந்துச்சு, சும்மா பூசிட்டு பில் எடுத்துட்டீங்கன்னு சொன்னப்ப என் கைல காட்ட எதுவும் இல்ல. அவரு பொய் சொல்லணும்னு சொல்லல, அவருக்கு அப்படித்தான் ஞாபகம்.

அதனால வேலைக்கு முன்னாடி, நடக்கும்போது, முடிஞ்சப்புறம்னு மூணு போட்டோ. ஆன்லைன்ல ஏத்துறதுக்கும் இந்த மூணு கட்டப் படமும் இடக்குறியோட கேப்பாங்க, ஆனா அது ஆபீசுக்கு. உங்களுக்குன்னு தனியா எடுங்க, ஒரே எடத்துல நின்னு, ஒரே பக்கம் பாத்து, அசையாத ஏதாவது ஒண்ணு படத்துல விழுற மாதிரி. வேப்பமரமோ டிரான்ஸ்பார்மரோ கோயில் சுவரோ எதுவா இருந்தாலும் சரி. அது இருந்தாத்தான் பாக்குற ஆளு "ஆமா இது நம்ம தெருதான்"னு ஒத்துக்குவாங்க.

போட்டோ மட்டும் பத்தாது, அளவும் வேணும். தண்ணி வேலைன்னா நான் கத்துக்கிட்ட வழி குடக் கணக்கு. ஒரு 15 லிட்டர் பிளாஸ்டிக் குடம் எடுத்துக்கங்க, லைன்ல கடைசி வீட்டுக்குப் போங்க, தண்ணி விடுற நேரத்துல குழாய தெறந்து குடத்த வச்சு செல்போன்ல டைம் பாருங்க, குடம் நெறைய எத்தனை நிமிஷம் ஆகுது, எத்தனை மணி நேரம் தண்ணி வருதுன்னு நோட்டுல எழுதி தேதி போட்டு அந்த வீட்டு அம்மாகிட்டயே ஒரு கையெழுத்து வாங்கிருங்க. டேங்க் பக்கத்து வீட்டுல அளக்காதீங்க, அங்க எப்பவும் தண்ணி பீச்சிக்கிட்டுதான் வரும். பைப்லைன் மாத்துறதுக்கு முன்னாடி எங்க கடைசி வீட்டுல ஒரு குடத்துக்கு பத்து நிமிஷத்துக்கு மேல ஆச்சு, மாத்துனப்புறம் மூணு நிமிஷத்துக்குள்ள ரொம்பிருச்சு. அதை நான் கிராம சபைல சொன்னப்ப எத்தனை மீட்டர் பைப், எவ்ளோ லட்சம்னு யாரும் கேக்கல, அடுத்த தெருக்காரங்க "எங்களுக்கு எப்ப"ன்னுதான் கேட்டாங்க.

இன்னொரு கணக்கையும் தெரிஞ்சு வச்சுக்கங்க. 2019ல வந்த ஜல் ஜீவன் திட்டத்துல ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர்னு அளவு வச்சிருக்காங்க. நாலு பேர் இருக்குற வீட்டுக்கு 220 லிட்டர், நம்ம குடத்துல கிட்டத்தட்ட 15 குடம். வீட்டுக்கு வீடு குழாய் வச்சாச்சுன்னு சொல்றது வேலை முடிஞ்ச கணக்கு, அந்த வீட்டுக்கு 15 குடம் வருதான்னு சொல்றதுதான் பலன். ரோடுன்னா மழை பெஞ்சா எத்தனை நாள் தண்ணி நிக்கும்னு அளங்க, தெருவிளக்குன்னா ராத்திரி எத்தனை கம்பத்துல எரியுதுன்னு நடந்து போய் எண்ணுங்க. மத்ததுக்கும் அந்தந்த வேலைக்கு ஏத்த மாதிரி நீங்களே யோசிச்சுக்கலாம், அளவு பெருசா சயின்டிபிக்கா இருக்கணும்னு இல்ல, முன்னாடி பின்னாடி ஒரே மாதிரி அளந்தா போதும்.

போர்டு எழுதுறது

எம்.பி நிதில கட்டுனதுன்னா கல்லுலயோ உலோகத்துலயோ நிரந்தரப் பலகை வைக்கணும், செலவு எவ்ளோ, எப்ப ஆரம்பிச்சு எப்ப முடிஞ்சுச்சுன்னு அதுல இருக்கணும்னு வழிகாட்டு நெறியிலயே இருக்கு. மத்த நிதிக்கும் போர்டு உண்டு. ஆனா நம்ம ஊர்ல சாதாரணமா பாக்குறது என்ன? திட்டத்தோட பேரு, நிதியாண்டு, "மதிப்பீடு ரூ. 4.80 லட்சம்", அவ்ளோதான், மீதி எடமெல்லாம் பேருங்க. அந்த மதிப்பீடுங்குறது வேலைக்கு முன்னாடி போட்ட எஸ்டிமேட், முடிஞ்சப்ப உண்மைல எவ்ளோ ஆச்சுங்குறது அதுல இருக்காது.

என்ன எழுதலாம்னு ஒரு மாதிரி சொல்றேன், எண்ணெல்லாம் சும்மா உதாரணத்துக்கு. "கிழக்குத் தெரு குடிநீர்க் குழாய் மாத்தும் வேலை. 62 வீடுகளுக்கு. எஸ்டிமேட் ரூ. 4,80,000. ஆன செலவு ரூ. 4,55,000. பணம்: மத்திய நிதிக்குழு மானியம், குடிநீர்ப் பங்கு. ஆரம்பம் இந்தத் தேதி, முடிவு இந்தத் தேதி. செஞ்ச கான்ட்ராக்டர் இன்னார். இன்ன தேதி வரைக்கும் ரிப்பேர் வந்தா கான்ட்ராக்டர் பொறுப்பு. காலைல 6 மணிலேர்ந்து 7 மணி வரை தண்ணி. வரலைன்னா இந்த ஆபீஸ் நம்பருக்கு சொல்லுங்க." இவ்ளோதான். கடைசி ரெண்டு வரி ரொம்ப முக்கியம், ஏன்னா ஜனங்க அந்த போர்டை திரும்பத் திரும்ப பாக்குறது அதுக்காகத்தான். தனி ஆளோட செல் நம்பர் போடாதீங்க, ஆள் மாறிட்டா போர்டு செத்துப்போகும்.

பிளெக்ஸ் வேணாம். ஒரு அக்னி நட்சத்திரம் தாங்காது, வெளுத்து வெள்ளைத் துணியாயிரும், அப்புறம் யாராவது கழட்டிட்டுப் போய் மாட்டுக்கொட்டாய்க்குக் கட்டிருவாங்க. சுவத்துல வெள்ளையடிச்சு அதுமேல எனாமல் பெயிண்டுல கருப்பா எழுதுங்க. டி.வி.எஸ் 50ல போற ஆளு வண்டிய நிறுத்தாம தலைப்பையாவது படிச்சுட்டுப் போற அளவுக்கு எழுத்து பெருசா இருக்கணும். எழுதுறதுக்கு முன்னாடி வாசகத்தை பேப்பர்ல எழுதி ஆறாவது படிக்கிற பிள்ளைகிட்ட குடுத்து படிக்கச் சொல்லுங்க, அந்தப் பிள்ளை எங்க திக்குதோ அந்த வார்த்தைய மாத்துங்க. "புனரமைத்தல்"ங்குற இடத்துல எங்க ஊர்ப் பிள்ளைங்க எல்லாரும் நின்னுட்டாங்க, "பழுது பாத்தது"ன்னு மாத்துனோம்.

போர்டை எங்க வைக்கிறதுங்குறதும் இருக்கு. வேலை நடந்த எடத்துலயே இருக்கணும். காலனித் தெருவுல நடந்த வேலைக்கு மெயின் ரோட்டுல போர்டு வச்சா அந்த தெரு ஜனங்களுக்கு அது போர்டே இல்ல.

ஒரு விஷயம் இங்க சொல்லிட்டுப் போறேன். ஐரோப்பிய ஒன்றியத்துல வட்டார வளர்ச்சி நிதின்னு ஒண்ணு 1975லேர்ந்து இருக்கு, பின்தங்குன பகுதிகளுக்குக் குடுக்குற காசு. 2021-2027 காலத்து விதிப்படி அந்தக் காசுல 5 லட்சம் யூரோவுக்கு மேல செலவாகுற வேலைன்னா நீடிச்சு நிக்கிற பலகை வைக்கணும், அதுக்குக் கீழன்னா குறைஞ்சது ஒரு ஏ3 போஸ்டராவது எல்லாரும் பாக்குற எடத்துல ஒட்டணும். வைக்கலைன்னா, கேட்டும் சரி பண்ணலைன்னா, குடுத்த உதவில 3 சதவீதம் வரைக்கும் ரத்து பண்ணலாம். மக்களுக்கு சொல்றதுங்குறது வேலைல ஒரு பாகம், சொல்லலைன்னா வேலை முழுசா முடியலைன்னு அவங்க எடுத்துக்குறாங்க. எனக்கு அது ரொம்ப சரியாப் படுது, நம்ம ஊர்லயும் போர்டு போட்டோ இல்லாம கடைசி பில் பாஸ் பண்ணக் கூடாதுன்னு நான் பல தடவை கேட்டிருக்கேன்.

கிராம சபை: வாசிக்கிறது வேற, சொல்றது வேற

தமிழ்நாட்டுல வருஷத்துக்கு ஆறு கிராம சபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 இந்த நாலோட 2022லேர்ந்து மார்ச் 22, நவம்பர் 1ம் சேர்ந்துச்சு. தேர்தல் நடத்தை விதி அமல்ல இருந்தா தள்ளிப்போகும், அந்த நேரத்துல திறப்பு விழா, புது அறிவிப்புன்னு எதுவும் கூடாதுங்குறதையும் ஞாபகம் வச்சுக்கங்க.

தகவல் சொல்றதுக்கு முன்ன மாதிரி தண்டோரா போடாதீங்க, 2022 ஆகஸ்ட்லயே அதை நிறுத்தச் சொல்லி தலைமைச் செயலாளர் கலெக்டர்களுக்கு எழுதிட்டாரு, அது பண்ற ஆளை இழிவுபடுத்துறதுன்னு, சரியான முடிவு. ஆட்டோல மைக் கட்டி சொல்லுங்க, மகளிர் குழு வாட்ஸ்அப்ல போடுங்க, ரேஷன் கடை சுவத்துல ஒட்டுங்க. எடத்தையும் ஒரே எடமா வைக்காம குக்கிராமத்துக்கு குக்கிராமம் மாத்தி மாத்தி வையுங்க, காலனி ஜனங்க சங்கடமில்லாம வந்து உக்கார்ற எடமான்னு ஒரு தடவை அவங்களையே கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

நான் முதல்ல கலந்துக்கிட்ட சபைல வரவு செலவை செயலர் படபடன்னு வாசிச்சாரு, மின்கட்டணம் இவ்ளோ, பிளீச்சிங் பவுடர் இவ்ளோ, மோட்டார் ரிப்பேர் இவ்ளோன்னு, கால் மணி நேரத்துல முடிஞ்சுச்சு, எல்லாரும் தீர்மான நோட்டுல கையெழுத்து போட்டுட்டு எந்திரிச்சாங்க. அப்ப பின்னாடி உக்காந்திருந்த ஒரு பாட்டி என் கையப் புடிச்சு "ஏம்மா, அவரு வாசிச்சாரே அந்த மோட்டாரு, அது நம்ம மோட்டாரா?"ன்னு கேட்டாங்க. எனக்கும் தெரியல, ஊர்ல அஞ்சு மோட்டார் இருக்கு.

அன்னிலேர்ந்து தெரு வாரியா சொல்லணும்னு சண்டை போட்டு வாங்குனேன். தலைப்பு வாரியா எழுதுற கணக்கு ஆடிட்டுக்கு, அது அப்படியே இருக்கட்டும். ஜனங்களுக்கு ஒரு பெரிய சார்ட் பேப்பர்ல தெருப் பேரு இடது பக்கம், அந்த தெருவுல இந்த வருஷம் நடந்தது, ஆன செலவு, பாதில நிக்கிறது, அடுத்து வரப்போறதுன்னு வலது பக்கம். ஒண்ணுமே நடக்காத தெருவையும் எழுதணும், எடத்தை காலியா விட்டு. அந்த காலி எடத்தை எழுதுறதுக்குத்தான் எங்க ஊர்ல பெரிய எதிர்ப்பு வந்துச்சு, ஏன்னா மூணு வருஷ சார்ட்டை பக்கத்துல பக்கத்துல ஒட்டுனா யாருக்கு போகுது யாருக்கு போகலைன்னு எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கு கூட கண்ணுக்குத் தெரியும். ஆனா ஒட்டுனோம். அடுத்த வருஷம் காலனித் தெருவுக்கு முதல் வேலை எடுத்தாங்க.

சத்தமா வாசிக்கிறதுக்கு எவ்ளோ பலம்னு பாக்கணும்னா ராஜஸ்தானைப் பாருங்க. 1994 டிசம்பர்ல பாலி மாவட்டம் கோட் கிராணாங்குற கிராமத்துல மஸ்தூர் கிசான் சக்தி சங்கட்டன்னு தொழிலாளிங்க விவசாயிங்க சேர்ந்த ஒரு அமைப்புக்காரங்க பந்தல் போட்டு ஊர் வேலைகளோட கணக்கை ஜனங்க முன்னாடி வாசிச்சாங்க. வேலைக்கே போகாத ஆளுங்க பேருல கூலி எழுதியிருந்தது அங்கயே ஜனங்க வாயாலயே வெளிய வந்துச்சு. அந்த மாதிரி கூட்டங்கள்லேர்ந்து கெளம்புன போராட்டந்தான் 2005ல தகவல் அறியும் உரிமைச் சட்டமா வந்து நின்னுச்சு. அந்தச் சட்டத்துல 4வது பிரிவு, யாரும் மனு போடாமலே அரசு அலுவலகங்க தானா முன்வந்து தகவலை வெளியிடணும்னு சொல்லுது, ஊராட்சியும் அதுக்குள்ள வருது. யாராவது "இதையெல்லாம் எதுக்கு ஒட்டணும்"னு கேட்டா இந்த ஒரு பிரிவை சொல்லுங்க போதும்.

சரியா வராத வேலைய என்ன பண்றது

இதுதான் ரொம்பக் கஷ்டமானது, இதுலதான் நம்பிக்கை நிக்குறதும் போறதும். எங்க ஊர்ல ஒரு போர்வெல் போட்டோம், அறுநூறு அடி தாண்டியும் புழுதிதான் வந்துச்சு. காசு செலவாயிருச்சு. அதை யாரும் வெளிய சொல்லல, அடுத்த கூட்டத்துல சொல்லிக்கலாம்னு விட்டோம். ரெண்டே மாசத்துல போர் போடவே இல்ல, போட்ட மாதிரி பில் எடுத்துட்டாங்கன்னு ஊரே பேசுச்சு, ராத்திரி முழுக்க ரிக் வண்டி ஓடுன சத்தத்தைக் கேட்டவங்களே அப்படிப் பேசுனாங்க. அப்புறந்தான் எத்தனை அடி போச்சு, எத்தனை அடில பாறை, கேசிங் பைப் எவ்ளோ எறக்குனாங்க, ஒரு அடிக்கு என்ன ரேட், மொத்தம் எவ்ளோ, இடம் பாத்து சொன்னது யாருன்னு எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல எழுதி டேங்க் அடில ஒட்டுனோம். நாலு பேர் வந்து கயித்துல கல்லைக் கட்டி ஆழம் பாத்தாங்க. பாக்கட்டும்னு விட்டோம், சரியா இருந்துச்சு, பேச்சு அடங்குச்சு.

அதனால தோத்துப் போன வேலைய ஒரு வாரத்துக்குள்ள சொல்லிருங்க. என்ன பண்ண நெனச்சோம், என்ன ஆச்சு, எவ்ளோ போச்சு, அடுத்து என்ன, இந்த வரிசைல. யார் மேலயும் பழி போட்டு ஆரம்பிக்காதீங்க. லேட்டாகுற வேலைக்கும் இதேதான், "விரைவில்"னு எழுதாதீங்க, பைப் வரலைன்னா பைப் வரலைன்னு எழுதுங்க.

ஆன்லைன்ல இருக்குறதை ஊருக்குக் கொண்டாங்க

2020 ஏப்ரல் 24லேர்ந்து இ-கிராம் ஸ்வராஜ்னு ஒரு தளம் இருக்கு. எந்த ஊராட்சியோட திட்டமும் செலவும் அதுல போய் யாரு வேணாலும் பாக்கலாம், மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி, வருஷம்னு தேர்ந்தெடுத்துக்கிட்டே போனா வரும். ஆனா வேலைங்க பேரெல்லாம் சுருக்கெழுத்துல இருக்கும், "எல்லாம் ஆன்லைன்லயே இருக்கே"ன்னு சொல்றது ஜனங்களுக்கு சொன்னதா ஆகாது. மூணு மாசத்துக்கு ஒருக்கா அதைப் பிரிண்ட் எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல பேனாவால இது எந்த தெரு எந்த வேலைன்னு எழுதி ஒட்டுங்க. எழுதும்போதே சில வரிக்கு உங்களுக்கே எந்த வேலைன்னு தெரியாது, அதைத்தான் முதல்ல போய் செயலர்கிட்ட உக்காந்து கேக்கணும். கேக்கும்போது மரியாதையா கேளுங்க, பாதி நேரம் என்ட்ரி போட்டவரு வேற ஆளா இருப்பாரு.

மேல அனுப்புற ரிப்போர்ட் பத்தி அதிகம் சொல்ல வேண்டியதில்ல, படிவம் அவங்களே குடுப்பாங்க, நிரப்பி அனுப்புனா ஆச்சு. ஒண்ணே ஒண்ணு, மேல அனுப்புற எண்ணும் கீழ சொல்ற எண்ணும் ஒண்ணா இருக்கணும். மேல 62 வீடுன்னு போயி இங்க போர்டுல 70 வீடுன்னு இருந்தா எந்த எண்ணையும் அதுக்கப்புறம் யாரும் நம்ப மாட்டாங்க.

ஒரு வருஷம் கழிச்சு திரும்பப் போங்க

அதே குடம், அதே கடைசி வீடு, அதே மாசம். கோடைல அளந்ததை மழைக்காலத்துல அளந்து பாத்துட்டு சந்தோஷப்பட வேணாம். நான் ரெண்டாவது தடவை அளந்தப்ப மூணு நிமிஷம் இருந்தது அஞ்சு நிமிஷத்துக்கு மேல போயிருந்துச்சு, விசாரிச்சா நடுவுல மூணு வீட்டுல லைன்ல நேரா மோட்டார் வச்சு உறிஞ்சிக்கிட்டு இருக்காங்க. அதையும் சார்ட்ல எழுதுனோம், பேர் போடாம, "இடையில் மோட்டார் வைத்து எடுப்பதால் கடைசி வீடுகளுக்குத் தண்ணீர் குறைகிறது"ன்னு. மே 1 கிராம சபைல அதைப் படிச்சதும் அந்த தெரு பொம்பளைங்களே எந்திரிச்சு பேசுனாங்க, ஒரு மணி நேரம் ஓடுச்சு, மோட்டாரை எடுக்கணும்னு தீர்மானம் போட்டாச்சு. அடுத்த வாரம் டேங்க் ஆபரேட்டரும் நானும் குடத்தோட திரும்பப் போனோம், ரெண்டு வீட்டுல எடுத்திருந்தாங்க, ஒரு வீட்டுல எடுக்கல, சார்ட்ல தேதி போட்டு அப்படியே எழுதிட்டு வந்தோம்.